ஆம்பளைங்களுக்கும் மெனோபாஸ் வருமா? வரும்னுதான் நினைக்கிறேன்

பிப்ரவரி 4, 2024, இரவு 10.40

எனக்கு 51 வயசு. நேரா விஷயத்துக்கு வரேன். போன எட்டு ஒம்பது மாசமா நான் நானா இல்ல. காலையில எழுந்திருக்கும்போதே உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு, சாயந்தரம் நாலு மணிக்கு மேல கண்ணு சொக்குது, சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளுனு கோபம் வருது, அரை மணி நேரம் கழிச்சு ஏன் கத்தினோம்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. வயிறு மட்டும் முன்னாடி வருது, கை கால் இளைச்சிட்டே போகுது. ராத்திரி மூணு தடவை எழுந்து ஒண்ணுக்குப் போறேன். ஆசைன்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு, காலையில எழும்போது தானா வர்ற விறைப்பு எப்ப நின்னுச்சுன்னு யோசிச்சா அதுவும் ஞாபகம் வரல.

என் மனைவிக்கு 49. மாதவிலக்கு நின்னு ஒண்ணேகால் வருஷம் ஆகுது. அவ படற பாட்டைப் பக்கத்துல இருந்து பாக்கறேன், எனக்கும் பாதி அதே மாதிரிதான் இருக்கு. சரின்னு நானே லேப்ல போய் டெஸ்டோஸ்டிரோன், அதாவது ஆம்பளை ஹார்மோன்னு சொல்றாங்களே, அந்த டெஸ்ட் எடுத்தேன். ஒரு டெசிலிட்டருக்கு 248 நானோகிராம், பக்கத்துல தடிச்ச எழுத்துல ‘குறைவு’ன்னு போட்டிருக்கு. ஆக ஆம்பளைக்கும் இது உண்டு, பொம்பளைங்க வெளிய பேசறாங்க நாம பேசறதில்ல, அவ்ளோதான் வித்தியாசம்னு முடிவுக்கு வந்துட்டேன். இதே வயசுல இருக்கறவங்க சொல்லுங்க, உங்களுக்கும் இப்படித்தானா?

பிப்ரவரி 4, இரவு 11.55

ரத்தம் எத்தனை மணிக்குக் குடுத்தீங்கன்னு ஒரு டாக்டரம்மா கேட்டிருக்காங்க. மத்தியானம் நல்லா சாப்ட்டுட்டு மூணரை மணிக்குக் குடுத்தேன்.

அவங்க சொன்னதைக் கேட்டு கொஞ்சம் ஆடிப்போயிட்டேன். டெஸ்டோஸ்டிரோன் விடியக்காலையில உச்சத்துல இருக்குமாம், பொழுது ஏற ஏற இறங்குமாம், சாப்பிட்டாலும் இறங்கும், குளுக்கோஸ் தண்ணி குடுத்துட்டு எடுத்துப் பாத்ததுல கால்வாசி வரைக்கும் இறங்கியிருக்கு. அதனால காலையில 7ல இருந்து 10 மணிக்குள்ள, வெறும் வயித்துல, அதுவும் ரெண்டு தனித்தனி நாள் எடுத்து ரெண்டுலயும் குறைஞ்சிருந்தாதான் குறைவுன்னு சொல்லணுமாம். லேப்ல யாரும் இதைச் சொல்லல. மேல எழுதினதை அழிக்கல, அப்படியே இருக்கட்டும். ஆனா அந்த 248ஐ யாரும் நம்பாதீங்க, நானும் இப்ப நம்பல.

பிப்ரவரி 5, காலை

‘அவங்களுக்கு நிக்குது, நமக்கு நிக்கல, அதானே அண்ணே வித்தியாசம்’னு ஒரு தம்பி எழுதியிருக்கான். சத்தம் போட்டு சிரிச்சிட்டேன், வீட்ல என்னன்னு கேட்டாங்க, சொல்ல முடியல.

சிரிப்பு அடங்கினதும் யோசிச்சா அந்த ‘நிக்குது’ங்கற வார்த்தையிலதான் மொத்த விஷயமும் இருக்கு. பொண்ணு பொறக்கும்போதே கருமுட்டை எல்லாத்தையும் வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டுத்தான் பொறக்குது, பத்து இருபது லட்சம் இருக்கும், புதுசா ஒண்ணுகூட உருவாகாது, வயசுக்கு வரும்போதே அதுல மூணு நாலு லட்சம்தான் மிச்சம், அம்பது வயசு வாக்குல ஏறக்குறைய தீர்ந்துடும். முட்டையைச் சுத்தி இருக்கற செல்லுங்கதான் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கறது, அதனால முட்டை தீர்ந்தா ஹார்மோனும் சில வருஷத்துக்குள்ள சடார்னு விழுந்துடுது. எல்லாப் பொண்ணுக்கும் இது நடக்கும், தப்பிச்சவங்கன்னு யாரும் கிடையாது.

ஆம்பளைக்கு அப்படி ஒரு கையிருப்பே இல்ல. விந்தணு தினமும் புதுசா உருவாகுது, எழுபது வயசுல அப்பா ஆனவங்க இருக்காங்க. டெஸ்டோஸ்டிரோன் முப்பது நாப்பதுக்கு மேல வருஷத்துக்கு சுமார் 1 சதவீதம் இறங்கும்னு சொல்றாங்க. அதோட ரத்தத்துல இந்த ஹார்மோனைப் பிடிச்சு வெச்சுக்கற ஒரு புரதம் வயசாக ஆக கூடுது, அதனால உடம்புக்குப் பயன்படற, கட்டுப்படாத பங்கு இன்னும் கொஞ்சம் வேகமா குறையும். அவங்களுக்குக் கிணறே வத்திப்போகுது. நமக்கு ஊத்து கொஞ்சம் மெதுவாகுது, ஆனா ஊறிட்டேதான் இருக்கு.

அப்ப தலைப்புல நான் கேட்டதுக்குப் பதில் ‘வராது’ன்னு ஆயிடுது. ஆனா எனக்கு நடக்கறது பொய் இல்லையே. அதான் மண்டையைக் குடையுது.

பிப்ரவரி 9, இரவு

இதை என் மனைவி படிச்சிட்டா.

முதல்ல ஒண்ணும் சொல்லல. பாத்திரம் கழுவிட்டு கையைத் துடைச்சுக்கிட்டே வந்து உக்காந்து, ‘எனக்கு வந்ததுக்கு ஒரு பேர் கிடைக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு, அதை நீங்க ஒரே நாள்ல எடுத்துக்கிட்டீங்க’ன்னா. கோபமாகூட சொல்லல, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அப்புறம் அவ சொல்லச் சொல்ல நான் கேட்டுட்டே இருந்தேன். நிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் எப்ப வரும் எவ்ளோ போகும்னே தெரியாம பையில ரெண்டு செட் துணியோட வேலைக்குப் போயிருக்கா. மீட்டிங் நடுவுல கழுத்துல இருந்து குப்புனு ஒரு சூடு ஏறி முகம் செவந்து ரவிக்கை நனைஞ்சு எல்லாரும் பாக்க உக்காந்திருந்திருக்கா. ராத்திரி திகுதிகுன்னு எரியுதுன்னு எழுந்து ஜன்னலைத் திறந்து வெச்சிட்டு தனியா நின்னிருக்கா, பல நாள். நான் அப்ப தூங்கிட்டு இருந்தேன். எலும்பு டெஸ்ட் எடுத்து, அடர்த்தி குறைய ஆரம்பிச்சிடுச்சுன்னு வந்த ரிப்போர்ட்டை அவளே போய் வாங்கி அவளே டாக்டரைப் பாத்திருக்கா, என்கிட்ட ‘சும்மா செக்கப்’னு சொன்னா, நானும் அதுக்கு மேல கேக்கல. மெனோபாஸை ஒட்டின சில வருஷத்துலதான் பொம்பளைங்களுக்கு எலும்பு வேகமா கரையுது, அப்பதான் கவனிக்கணும்னு இப்ப படிச்சுத் தெரிஞ்சுக்கறேன். பக்கத்துல இருந்து பாக்கறேன்னு முதல் பதிவுல எழுதியிருக்கேன் பாருங்க, அது உண்மையில்ல. பக்கத்துல படுத்திருந்தேன், அவ்ளோதான்.

‘உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லல, உங்களுக்கு என்னவோ இருக்கு, ஆனா அது இது இல்ல, என்னன்னு பாருங்க’ன்னா. அந்த வார்த்தை மனசுல தங்கிடுச்சு. ‘ஆண் மெனோபாஸ்’னு நான் இனிமே சொல்லப்போறதில்ல.

பிப்ரவரி 12

‘ஊசி போட்டுக்கிட்டா தீர்ந்துச்சு, எதுக்கு இவ்ளோ யோசனை’ன்னு கேக்கற 34 வயசு தம்பிக்கு, இதை மட்டும் கவனமா படிங்க. வெளிய இருந்து டெஸ்டோஸ்டிரோன் போச்சுன்னா, ‘சரக்கு போதும்’னு மூளை நினைச்சுக்கும், பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு அனுப்பற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச்ங்கற ரெண்டு சிக்னலையும் நிறுத்திடும். விரையில சொந்த உற்பத்தி நிக்கும், விந்தணு பூஜ்யத்துக்கேகூட இறங்கலாம், விரை சுருங்கும். ஆண்மைக்குன்னு போடற ஊசி குழந்தை பிறக்கற வழியை அடைச்சிடும். நிறுத்தினா பெரும்பாலும் திரும்பி வரும், ஆனா மாசக்கணக்குல ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் இழுக்கும். இன்னொரு குழந்தை வேணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஜிம்ல குடுக்கறதை வாங்கிப் போட்டுக்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

ரத்தமும் கெட்டியாகும். அதனாலதான் டாக்டர் எழுதிக் குடுத்து எடுக்கறவங்களுக்குக்கூட ரத்தத்துல சிவப்பணு எத்தனை பங்குன்னு அப்பப்ப பாப்பாங்க, 54 சதவீதத்தைத் தாண்டினா நிறுத்திடுவாங்க.

பிப்ரவரி 12, இன்னொண்ணு

அதே தம்பிக்குத்தான். கைக்குழந்தை இருக்குன்னு சொன்னீங்க. அப்பா ஆனவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கறது இயல்புன்னு பிலிப்பைன்ஸ்ல, செபுங்கற ஊர்ல 624 பேரை சில வருஷம் தொடர்ந்து பாத்து 2011ல வெளியிட்டிருக்காங்க. குழந்தையோட அதிக நேரம் செலவழிக்கற அப்பாக்களுக்கு இன்னும் குறைவு. அது நோய் இல்ல. படிச்சப்ப எனக்கு ஏனோ சந்தோஷமா இருந்துச்சு.

பிப்ரவரி 23

காலை 8 மணி, வெறும் வயிறு, இந்த மாசத்துலயே ரெண்டு தனித்தனி நாள். 341, 329.

அதே உடம்பு, அதே லேப். ரிப்போர்ட்ல ‘குறைவு’ங்கற வார்த்தை காணோம். அமெரிக்க யூராலஜி சங்கம் 300ஐக் கோடாக வெச்சிருக்கு, ஹார்மோன் டாக்டருங்களோட சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 264ன்னு சொல்லுது, ரெண்டு பேர் கணக்குலயும் நான் கோட்டுக்கு மேலதான் இருக்கேன், ஆனா ரொம்ப மேல இல்ல. டாக்டர் எல்ஹெச், புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க வெக்கற பிட்யூட்டரி ஹார்மோன், ஆம்பளைக்கும் கொஞ்சம் உண்டு), தைராய்டு, சுகர், பி12, இரும்புச்சத்து எல்லாம் எடுக்கச் சொன்னார். மூணு மாச சராசரி சுகர் 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு வாசப்படியில. மத்தது சரி.

எனக்கு நிம்மதியா இருந்திருக்கணும், ஆனா ஏமாற்றமாதான் இருந்துச்சு. குறைவுன்னு வந்திருந்தா காரணம் கையில கிடைச்சிருக்கும், மருந்து கிடைச்சிருக்கும். இப்ப மறுபடி பழைய இடத்துக்கே வந்தாச்சு.

மார்ச் 2, ராத்திரி தூக்கம் வராம எழுதினது

ஊசி போட்டு இளமையைத் திருப்பிக் கொண்டுவரணும்ங்கற இந்த ஆசை ரொம்பப் பழசு. 1889ல பாரிஸ்ல பிரௌன்-செக்கார்னு ஒருத்தர், சாதாரண ஆள் இல்ல, நரம்பு மண்டலத்தைப் பத்தி பெரிய ஆராய்ச்சியெல்லாம் பண்ணவர், 72 வயசுல நாய், கினிப்பன்றி விரையை அரைச்சு வடிகட்டி தனக்கே ஊசி போட்டுக்கிட்டார். போட்டு, மாடிப்படி ஓடி ஏற முடியுது, மணிக்கணக்கா நின்னு வேலை பாக்க முடியுது, சிறுநீர்கூட முன்னவிட தூரமா போகுதுன்னு அளந்து எழுதி விஞ்ஞானிங்க சபையில வாசிச்சார். அந்தச் சாறுல ஹார்மோன் ஏறக்குறைய இல்லவே இல்ல. விரை டெஸ்டோஸ்டிரோனைச் சேத்து வெக்காது, சுரந்ததும் ரத்தத்துல விட்டுடும், போதாக்குறைக்கு அது தண்ணியில சரியா கரையவும் கரையாது. அவருக்குக் கிடைச்ச பலமெல்லாம் அவர் நம்பிக்கையில இருந்து வந்ததுதான்.

நிஜமான பொருளைக் காளையோட விரையில இருந்து பிரிச்சு எடுத்தது 1935ல, ஆம்ஸ்டர்டாம்ல எர்ன்ஸ்ட் லாக்கர் குழு. அதே வருஷம் புட்டனாண்ட், ருசிச்கா ரெண்டு பேரும் தனித்தனியா செயற்கையாவே தயாரிச்சிட்டாங்க, 1939ல ரெண்டு பேருக்கும் வேதியியல் நோபல். 1944ல ஹெல்லர், மையர்ஸ்னு ரெண்டு பேர் அமெரிக்க மருத்துவ சங்கத்தோட பத்திரிகையில ஆண்களோட இந்தப் பருவத்தைப் பத்தி எழுதினாங்க. அவங்க செஞ்சதுல எனக்குப் பிடிச்சது, சிறுநீர்ல பிட்யூட்டரி ஹார்மோனை அளந்து, நிஜமாவே விரை வேலை செய்யாதவங்க யாரு, மனக்கஷ்டத்துல அதே மாதிரி ஆனவங்க யாருன்னு பிரிச்சுப் பாத்தது. அப்பவே தெரிஞ்சிருக்கு, வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும்னு.

பிரௌன்-செக்காரைப் படிச்சப்ப அவர் மேல பாவமா இருந்துச்சு. 72 வயசுல ஒரு மனுஷன் மாடிப்படி ஏறினதை எவ்ளோ ஆசையா எழுதியிருக்கார்.

மார்ச் 3

பிப்ரவரி 5 பதிவுல ஒரு திருத்தம். வருஷத்துக்கு 1 சதவீதம்னு எழுதினேன் இல்லையா, அது எல்லா ஆம்பளைங்களையும் சேத்துக் கூட்டிப் பாத்தா வர்ற சராசரி. ஆஸ்திரேலியாவுல நாப்பது தாண்டின, உடம்பு ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்ன 325 பேரைத் தனியா எடுத்துப் பாத்தப்ப வயசோட டெஸ்டோஸ்டிரோன் இறங்கவே இல்ல. அப்ப இறக்கத்துல பெரும்பங்கு வயசால வர்றதில்ல, வயசோட சேந்து வர்ற தொப்பை, சர்க்கரை, மருந்து, நோய் இதுங்களால வர்றது. இதைப் படிச்சதுல இருந்து என் கேள்வியே மாறிப்போச்சு. எனக்கு ஹார்மோன் குறைஞ்சுதான்னு இத்தனை நாள் கேட்டேன், எது குறைக்குதுன்னு கேட்டிருக்கணும்.

மார்ச் 18

தூக்கம். தூக்கம்தான்.

மனைவி ராத்திரி முழிச்சிருக்கறதால அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. என் குறட்டையை போன்ல பதிவு பண்ணி காலையில கேக்க வெச்சா. குறட்டை வருது, வருது, திடீர்னு சத்தமே இல்ல. நான் எண்ணினேன், இருபத்தி மூணு செகண்ட். அப்புறம் தண்ணிக்குள்ள முங்கிட்டு மேல வந்த மாதிரி ஒரு இழுப்பு. மறுபடி குறட்டை. இப்படியே போகுது. ‘ஒவ்வொரு தடவையும் நான் எண்ணிட்டே இருப்பேன், முப்பதைத் தாண்டினா தட்டி எழுப்பலாம்னு’ன்னா. ஒண்ணரை வருஷமா எண்ணியிருக்கா. தூக்கம் வராத ராத்திரியில அவளுக்கு அது ஒரு வேலை.

தூக்க டெஸ்ட் எடுத்தாச்சு. மணிக்கு 34 தடவை மூச்சு நிக்குது இல்ல குறையுது. 30க்கு மேல போனா தீவிரம்னு கணக்கு. ஸ்லீப் ஆப்னியா. இப்ப ஒவ்வொண்ணா பொருந்துது பாருங்க, அசதி, பகல்ல கண்ணு சொக்கறது, கோபம், மறதி, ஆசை இல்லாதது. ராத்திரி மூணு தடவை ஒண்ணுக்குப் போறது பிராஸ்டேட்தான்னு நானே முடிவு கட்டியிருந்தேன், அதுவும் இதாலதான் வரலாமாம், மூச்சு அடைச்சு நெஞ்சுக்குள்ள அழுத்தம் மாறறப்ப இதயம் ஒரு ஹார்மோனை விடுது, அது சிறுநீரைக் கூட்டுது. டெஸ்டோஸ்டிரோன் ஏறறதே தூக்கத்துலதான், அதுவும் உடையாத தூக்கம் குறைஞ்சது மூணு மணி நேரமாவது வேணும். பத்து வாலிபப் பசங்களை ஒரு வாரம் அஞ்சு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பாத்த ஒரு ஆராய்ச்சி 2011ல வந்துச்சு, அவங்களுக்கே 10ல இருந்து 15 சதவீதம் இறங்கிடுச்சு. நான் எத்தனை வருஷமா மூணு நிமிஷம்கூட சேந்தாப்பல தூங்கலையோ.

நான் மட்டும் 248 ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஊசி போட ஆரம்பிச்சிருந்தா? டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆப்னியாவை இன்னும் மோசமாக்கலாம், தீவிரமான ஆப்னியாவை சரி பண்ணாம ஊசி ஆரம்பிக்கக் கூடாதுன்னே வழிகாட்டுதல் இருக்கு. நெனச்சாலே உடம்பு நடுங்குது.

ஏப்ரல் 7

‘அப்ப எல்லாமே கட்டுக்கதையா, என் கஷ்டம் பொய்யா’ன்னு ஒருத்தர் கோபமா கேட்டிருக்கார். இல்ல சார். மார்ச் பதிவுல நான் ரொம்ப வேகமா எழுதிட்டேன், எனக்குக் கிடைச்ச விடையை எல்லாருக்கும் மாட்டிவிட்டேன். மன்னிச்சுக்கோங்க.

நிஜமா குறையறவங்க இருக்காங்க. ஐரோப்பாவுல எட்டு இடத்துல 40ல இருந்து 79 வயசு வரைக்கும் 3369 பேரைப் பாத்து 2010ல சொன்னாங்க. 32 அறிகுறிங்களை அலசிப் பாத்ததுல டெஸ்டோஸ்டிரோன் குறைவோட கெட்டியா ஒட்டி நின்னது மூணுதான், காலை விறைப்பு குறையறது, ஆசை குறையறது, விறைப்பு சரியா வராதது. அசதி, சோகம், பலவீனம் எல்லாம் தளர்வாதான் ஒட்டினது, ஏன்னா அது ஆயிரம் காரணத்துல வரும். இந்த மூணும் இருந்து, ரத்த அளவும் குறைஞ்சிருந்தவங்க மொத்தத்துல 2.1 சதவீதம். நூத்துக்கு ரெண்டு பேர். மெனோபாஸ் நூத்துக்கு நூறு. ரெண்டுக்கும் ஒரே பேரு எப்படிப் பொருந்தும்?

அந்த ரெண்டு பேர்ல நீங்க ஒருத்தரா இருந்தா மருந்து நியாயமானது, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. 65 வயசு தாண்டி அளவு குறைஞ்ச 790 பேருக்கு ஒரு வருஷம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் இல்ல வெத்து ஜெல் குடுத்துப் பாத்தாங்க, 2016லயும் 2017லயும் வெளிவந்துச்சு. ஆசையும் தாம்பத்தியமும் ஓரளவு கூடினது, மனநிலை லேசா தெளிஞ்சது, ரத்தசோகை குறைஞ்சது, ஆனா எல்லாரும் எதிர்பாத்த அந்த ‘சுறுசுறுப்பு’ முக்கிய அளவுகோல்ல கூடல. 2023ல வந்த இன்னொரு ஆய்வுல, இதய நோய் இருந்த இல்ல வர்ற வாய்ப்பு அதிகமா இருந்த அஞ்சாயிரத்துக்கு மேல ஆளுங்க, மாரடைப்பும் பக்கவாதமும் கூடல, ஆனா இதயத் துடிப்பு தாறுமாறாகறதும் நுரையீரல்ல ரத்தக்கட்டி வர்றதும் கொஞ்சம் கூடினது. இதையெல்லாம் டாக்டரோட உக்காந்து பேசி முடிவு எடுக்கணும்.

ஏப்ரல் 20

மேல கோபப்பட்டவர் தனியா எழுதி, பேர் இல்லாம போட்டுக்கலாம்னு அனுமதி குடுத்தார். வயசு 46. காலையில எடுத்தே ரெண்டு தடவையும் 150க்குக் கீழ. நாலு வருஷமா ‘வயசாகுதுல்ல’ன்னு சொல்லி அனுப்பிட்டே இருந்திருக்காங்க. இப்ப எல்ஹெச் குறைவு, புரோலாக்டின் பல மடங்கு அதிகம்னு தெரிஞ்சு எம்ஆர்ஐ எடுத்தா பிட்யூட்டரியில சின்னக் கட்டி. புத்துநோய் இல்ல, மாத்திரையிலயே சுருங்கற வகை, பலருக்கு டெஸ்டோஸ்டிரோனும் தானா ஏறிடும். தலைவலியும் ஓரப்பார்வை மங்கறதும் இருந்தா இன்னும் சீக்கிரம் பாக்கணும்.

இவர் ‘ஆம்பளை மெனோபாஸ்’னு சமாதானமாகியிருந்தா கட்டி வளந்துட்டே இருந்திருக்கும். நான் அப்படித்தான் ஆகப் பாத்தேன்.

மே 11

என்னோட வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணன், 67 வயசு, பிராஸ்டேட் புத்துநோய்க்கு ஹார்மோனை அடக்கற ஊசி போட்டுட்டு இருக்கார். டெஸ்டோஸ்டிரோனைக் குறைச்சா இந்தப் புத்துநோய் அடங்கும்னு சார்லஸ் ஹக்கின்ஸ் 1941லயே காட்டினார், 1966ல நோபல் கிடைச்சுது. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். பேசிட்டு இருக்கும்போதே முகமெல்லாம் செவந்து, நெத்தியில பொலபொலன்னு வேர்வை. சட்டைப் பட்டனைக் கழட்டி விட்டுக்கிட்டு, ‘ஒண்ணுமில்லம்மா, ரெண்டு நிமிஷத்துல போயிடும்’னார்.

என் மனைவி எழுந்து போய் ஈரத்துண்டு கொண்டுவந்து, ‘பின்கழுத்துல வைங்கண்ணே, அங்கதான் முதல்ல அடங்கும்’னா. அவர் வெச்சுப் பாத்துட்டு ‘ஆமாம்மா’ன்னார். அப்புறம் ஒரு மணி நேரம் அவங்க ரெண்டு பேரும்தான் பேசினாங்க, எப்ப வருது, எது கிளப்பிவிடுது, ராத்திரி எத்தனை தடவை, எலும்புக்கு என்ன மாத்திரை. நான் கேட்டுட்டு இருந்தேன்.

இந்த ஊசி போடறவங்கள்ல பத்துக்கு ஏழெட்டு பேருக்கு இந்தச் சூடு வருதாம், எலும்பும் கரையும். தலைப்புல கேட்ட கேள்விக்கு நிஜமான பதில் அன்னிக்கு எங்க வீட்டு நாற்காலியில உக்காந்திருந்துச்சு. ஆம்பளை உடம்புக்கும் மெனோபாஸ் மாதிரி ஆகும், ஹார்மோன் அப்படிச் சடார்னு விழுந்தா. வயசு மட்டும் அதைச் செய்யறதில்ல.

இன்னொண்ணும் இதுலதான் கத்துக்கிட்டேன். ஆம்பளைக்கும் ஈஸ்ட்ரோஜன் வேணும், டெஸ்டோஸ்டிரோன்ல ஒரு பங்கு கொழுப்புத் திசுவுலயும் மத்த இடத்துலயும் ஈஸ்ட்ரோஜனா மாறுது, நம்ம எலும்பைப் பெருமளவு காப்பாத்தறதே அதுதான். அது பொம்பளை ஹார்மோன், இது ஆம்பளை ஹார்மோன்னு கோடு போட்டுப் படிச்சு வளந்தது எவ்ளோ தப்பு.

ஜூன் 2

சின்னதா ஒண்ணு, ஆனா யாரும் தாண்டிப் போகாதீங்க. விறைப்பு குறையுதுன்னா முதல்ல இதயத்தைப் பாருங்க. ஆண்குறிக்குப் போற ரத்தக்குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான், இதயத்தோட குழாய் 3, 4 மில்லிமீட்டர். படியற கொழுப்பு ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான், சின்னக் குழாய்ல முதல்ல தெரியும், நெஞ்சுவலி வர்றதுக்கு ரெண்டுல இருந்து அஞ்சு வருஷம் முன்னாடியே. பிபி, சுகர், கொலஸ்டிரால் மூணும் பாக்காம யாராவது மாத்திரை மட்டும் குடுத்தா வாங்காதீங்க. வெக்கப்பட்டு சொல்லாம விட்ட என் பெரியப்பா பையன் 48ல போயிட்டான். மூணு வருஷமா அந்தப் பிரச்சினை இருந்துச்சுன்னு அண்ணி அப்புறம்தான் சொன்னாங்க.

ஜூலை 28

நாலு மாசமா ராத்திரி சிபாப் மெஷின், மாஸ்க் வழியா காத்தை அழுத்தி விட்டு மூச்சு அடைக்காம பாத்துக்கறது. முதல் ரெண்டு வாரம் மாஸ்க்கைக் கழட்டி எறிஞ்சிட்டேன், மூக்கு காஞ்சு போச்சு, வேற சைஸ் மாத்தினப்புறம்தான் பழகுச்சு. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கேன், சில நாள் அதுவும் இல்ல. எடை 88ல இருந்து 81. சுகர் 5.7. காலை டெஸ்டோஸ்டிரோன் 418. விடியக்காலை விறைப்பு திரும்பி வந்திருக்கு, இதை எழுதக் கூசல, யாருக்காவது உதவும்.

மாஸ்க் போட்டா டெஸ்டோஸ்டிரோன் ஏறும்னு எடுத்துக்காதீங்க. ஆராய்ச்சிங்களைச் சேத்துப் பாத்ததுல மெஷின் மட்டும் அந்த அளவைக் கூட்டினதா வரல. எடை குறைஞ்சா கூடும், அது நல்லாவே தெரிஞ்ச விஷயம். எனக்கு ஏறினது பெரும்பாலும் அந்த 7 கிலோவால. ஆனா தூக்கம் வந்தப்புறம்தான் தினம் காலையில நடக்கவே உடம்புல தெம்பு வந்துச்சு.

ஆகஸ்ட் 16

உடம்பு சரியாகியும் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. சாயந்தரம் ஆனா நெஞ்சுல ஒரு கனம், எதுலயும் மனசு ஒட்டாது. தூக்கம் சரி, ஹார்மோன் சரி, அப்புறம் என்னன்னு டாக்டர் கேட்டார், வீட்ல யாராவது தவறினாங்களான்னார். அப்பா போய் ஒரு வருஷம் தாண்டிடுச்சுன்னு சொல்லிட்டே இருக்கேன், தொண்டை அடைச்சுக்கிச்சு, மேல பேச முடியல.

முதல் பதிவுல எட்டு ஒம்பது மாசமான்னு எழுதியிருக்கேன். எண்ணிப் பாத்தா சரியா அப்பா போனதுல இருந்து. காரியமெல்லாம் நான்தான் முன்ன நின்னு செஞ்சேன், ஒரு சொட்டு கண்ணீர் விடல, எல்லாரும் தைரியசாலின்னாங்க. அது கோபமா வந்து பிள்ளைங்க மேலயும் அவ மேலயும் விழுந்திருக்கு. அதுக்கும் ஹார்மோன்னு பேர் வெச்சேன். இப்ப வாரம் ஒரு நாள் ஒரு மனநல ஆலோசகர்கிட்ட போய் பேசறேன், அஞ்சு தடவை ஆச்சு. ஆம்பளைங்களுக்கு மனச்சோர்வு அழுகையா வராம எரிச்சலா வர்றது சகஜம்னு அவர் சொன்னார்.

ஆகஸ்ட் 30

நேத்து ராத்திரி மூணு மணி இருக்கும், அவ எழுந்து ஜன்னலைத் திறந்தா. மாஸ்க்கைக் கழட்டி வெச்சிட்டு ஈரத்துண்டை எடுத்துட்டு வந்தேன். ‘தூங்குங்க’ன்னா. ‘இல்ல, பரவால்ல’ன்னேன். அது அடங்கற வரைக்கும் அப்பாவைப் பத்திப் பேசிட்டு இருந்தோம்.

அக்டோபர் 6

புதுசா கேட்டிருக்கற 52 வயசு சாருக்கு. காலை 8 மணி, வெறும் வயிறு, ரெண்டு நாள், கூடவே எல்ஹெச்சும் புரோலாக்டினும். ஆனா லேபுக்குப் போறதுக்கு முன்னாடி, ராத்திரி நீங்க எப்படித் தூங்கறீங்கன்னு உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க. அப்படியே அவங்க எப்படித் தூங்கறாங்கன்னும் கேளுங்க.